பேருந்துக்குப் பின்னால் வந்த வண்டி

வண்டியை நிறுத்தியது ஒரு கட்டுமரம்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். சாலையிலிருந்து குப்பத்துக்குள் இறங்கும் மணல் பாதையின் குறுக்கே அந்தக் கட்டுமரத்தை இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் சேவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ். அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால், மூன்றாவது குடிசையில், அஞ்சலை என்ற இருபது வயதுப் பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் எட்டு மாதம் முடிந்த முதல் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மணி எட்டேகால். வண்டியில் நாங்கள் மூன்று பேர். டிரைவர் கன்னியப்பன், அந்த வருடம் சங்கத் தலைவராக இருந்த அப்பா, மகளிர் பிரிவுச் செயலாளரான நான். பெண் நோயாளி என்றால் பெண் ஒருத்தி கூடப் போக வேண்டும் என்பது நானே எழுதிய விதி.

எங்களுக்குப் போன் செய்து வரவழைத்த நர்ஸம்மா கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று கத்தினாள். "சார், ரத்தம் நிக்கல. ஆபரேசன் பண்ணாத்தான் முடியும். இப்பவே ஏத்துனா பொழச்சிக்குவா."

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் வண்டியில் ஐம்பது நிமிடம்.

"வண்டிய எடுத்துகினு போ," என்றாள் முன்னால் நின்றவள். அஞ்சலையின் மாமியார். தனபாக்கியம் என்று பெயர்.

"வழிய வுடும்மா. அவசரம் புரியாம நிக்கிறியே," என்றான் கன்னியப்பன்.

"நீ இன்னா, எமனுக்கு மச்சானா? மூணு தபா வந்த. மூணு தபாவும் பொணத்த எறக்கிட்டுப் போன. இப்ப உசிரோட கீறவள ஏத்திகினு போறேன்னு வந்து நிக்கிற!"

குடிசை வாசலில் இரண்டு பெண்கள் ஒரு பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளே கிடப்பவள் கண்ணில் எங்கள் வண்டி பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

வந்தவாசி வாசகிக்கு

பத்தொன்பது வருடம் சங்கச் செயலாளராக இருந்த உங்கள் அப்பா, ஒரே வருடம் தலைவராக இருந்துவிட்டு, அதன் பிறகு எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று ஏன் கடைசி வரிசை நாற்காலிக்குப் போய்விட்டார்? புயலின்போது சங்கம் நடத்திய கஞ்சித் தொட்டியைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வந்தவாசியிலிருந்து ஒரு வாசகி இப்படிக் கேட்டிருக்கிறார். மூன்று பேருக்கு எழுத வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. இவருக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எழுது. அந்தப் பொண்ணு பேரு, அவ வூட்டு ஆளுங்க பேரு எல்லாத்தையும் மாத்திடு. குப்பத்துப் பேரு வேணாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம் மேல இருக்குறத மட்டும் மாத்தாத," என்றார்.

எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். மற்றது எதையும் மாற்றவில்லை.

வியாழக்கிழமை

அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சங்கம் வியாழக்கிழமை தோறும் மாலை ஆறரைக்குக் கூடும். வியாழக்கிழமை டியூட்டி விழுந்தால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வார். பதிலுக்குத் தீபாவளி, பொங்கல், எங்கள் பள்ளி ஆண்டுவிழா என்று எல்லாவற்றையும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்.

"ஊர்ல எல்லாருக்கும் வாரத்துக்கு ஏழு நாளு. உங்கப்பாவுக்கு ஆறுதான். ஒண்ண சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு," என்பாள் அம்மா.

எங்கள் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு தலைவர். டாக்டர் ஒருமுறை, வக்கீல் ஒருமுறை, ரைஸ் மில்காரர் இரண்டுமுறை. தலைவர்கள் மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார்கள், மாலை வாங்குவார்கள், போட்டோவில் நடுவில் உட்காருவார்கள். செயலாளர் மாறவில்லை. பேருந்து நிலையத்துத் தண்ணீர்க் குழாய், அம்மை குத்த வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு, ரிக்‌ஷாக்காரர்களுக்கு நடத்திய மாலைப் பள்ளி எல்லாம் அவர் கையால் நடந்தவை. அந்தப் போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால் அப்பா எப்போதும் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்பார். கடைசி ஆளை நிற்க வைத்துவிட்டு அவசரமாக ஓடி வந்து நின்றிருப்பார்.

இருபதாவது வருடம் அவரைத் தலைவராக்கினார்கள். அப்போதும் எல்லாரும் அவரைச் செகரட்டரி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அந்த வருடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலைதான் வண்டி.

அரை டிக்கெட்

வண்டிக்கு முன்னால் ஒரு ரயிலைச் சொல்ல வேண்டும்.

பல வருடம் முந்தியது. காஞ்சிபுரம் பாசஞ்சரில் அப்பா டிக்கெட் பார்த்துக்கொண்டு வருகிறார். ஜன்னலோரத்தில் ஒரு ஆள். அவர் தோளில் சாய்ந்து, கழுத்து வரை துண்டு போர்த்தித் தூங்கும் ஒரு பையன். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். பையன் வளர்த்தியாக இருந்தான். அரை டிக்கெட் வயதா என்று அப்பாவுக்குச் சந்தேகம்.

"தம்பிய எழுப்பு. வயச கேக்கணும்."

"எழுந்திருக்க மாட்டான் சார்," என்றார் அந்த ஆள், குரலே எழும்பாமல்.

காலையில் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறான். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றிருக்கிறார்கள். கார் வைக்க வழியில்லை. துண்டைப் போர்த்தி, தூக்கிக்கொண்டு வந்து, செத்தவனுக்கு அரை டிக்கெட்டும் வாங்கி ரயிலேறிவிட்டார்.

அப்பா இரண்டு டிக்கெட்டிலும் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வேறு யாரும் வந்து உட்காராதபடி அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் இறங்கும் ஸ்டேஷன் வந்ததும் கால் பக்கம் பிடித்து இறக்கிவிட்டார். மற்றப் பெட்டிகளில் அன்றைக்கு யாரும் டிக்கெட் பார்க்கவில்லை.

இதை அவர் எங்களிடம் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தினார். "டிக்கெட் வாங்கியிருந்தான்மா. அந்த நெலமையிலயும் டிக்கெட் வாங்கியிருந்தான்."

முப்பத்திரண்டு கைகள்

வண்டித் தீர்மானம் வந்த வியாழக்கிழமை, மகளிர் பிரிவையும் அழைத்திருந்தார்கள். ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட வேன் விலைக்கு வந்தது. டாக்டர் அதை ஆம்புலன்ஸாக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து ஏழைகளின் சவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் வண்டி வேண்டும் என்றார் அப்பா. இரண்டு வண்டி வாங்கச் சங்கத்துக்குச் சக்தி இல்லை.

"செகரட்டரி சார், உசிரோட இருக்குறவன மொதல்ல பாப்போம்," என்றார் டாக்டர்.

"செத்தவனுக்கும் ஊரு போய்ச் சேரணும் சார்," என்றார் அப்பா.

முக்கால் மணி நேரம் இப்படியே இழுத்தது. அப்போது நான் எழுந்தேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். நெடுஞ்சாலை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. நியமன உத்தரவில் டிராஃப்ட்ஸ்மேன் என்று இருக்கும். அதைத் திருத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தச் சிக்கலையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது பலமாக இருந்தது.

ஒரே வண்டி போதும் என்றேன். ஸ்ட்ரெச்சர் இரண்டு வைத்துக்கொள்ளலாம், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல் நிறம். சவம் இறக்கிய ஒவ்வொரு முறையும் ஃபினாயில் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். கதவைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் வெயிலில் காய விட வேண்டும். விரிப்பை வெந்நீரில் அலச வேண்டும். இப்படிப் பதினோரு குறிப்புகள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில், "சுத்தம் பண்ணிட்டா வண்டிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது," என்றேன்.

சிரித்தார்கள், கை தட்டினார்கள். முப்பத்திரண்டு பேரும் கை தூக்கித் தீர்மானம் நிறைவேறியது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நன்கொடை கேட்டுப் போன இடமெல்லாம் அந்த வாக்கியத்தை அவர் சொன்னார், என் மகள் சொன்னது என்று.

அந்த முப்பத்திரண்டு பேரில் கடலோரத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கன்னியப்பன் மட்டும் ஒருமுறை சொன்னான். வண்டி வந்து மூன்றாவது மாதம்.

"எம் பொண்டாட்டி வண்டிய வூட்டு முன்னால நிறுத்தாதன்றா சார். புள்ளைங்க பயப்படுதாம்."

"கழுவுறியா இல்லையா?" என்றார் அப்பா.

"நா கழுவுறேன் சார். அவ கண்ண எப்பிடிக் கழுவுறது?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். கன்னியப்பனுக்குக் கிண்டல் ஜாஸ்தி என்று அம்மாவிடம் சொன்னேன்.

வண்டி வந்த முதல் ஆறு மாதத்தில் அந்தக் குப்பத்துக்கு வண்டி மூன்று முறை போனது. அலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் செத்த ஒருவர், காமாலையில் போன ஒரு கிழவர், பாம்பு கடித்த ஒரு சிறுமி. மூன்று பேரும் போனபோது பஸ்ஸில் போனவர்கள். திரும்பி வந்தது எங்கள் வண்டியில். குப்பத்தின் கணக்கில் அந்த வண்டிக்கு வேறு வேலை தெரியாது.

நாற்பது நிமிடம்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

அப்பா வண்டியிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து போனார். கட்டுமரத்துக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டார்.

"அம்மா, இது ஆம்புலன்ஸ்தாம்மா. திருக்கழுக்குன்றத்துல எத்தினி பிரசவத்துக்கு இதுல கூட்டிப் போயிருக்கோம். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அவங்க நல்லா இருக்கட்டும் சார். எங்க வூட்டுப் பொண்ண வுட்டுடு."

நான் என் பங்குக்கு ஃபினாயிலைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை கழுவுவதை, வெயிலில் காய விடுவதை, தனி ஸ்ட்ரெச்சரை. பதினோரு குறிப்பில் ஏழு வரை சொல்லிவிட்டேன்.

"படிச்ச பொண்ணு பேசுறதப் பாருடி," என்றாள் தனபாக்கியம் பக்கத்தில் நின்றவளிடம். "ஃபினாலு ஊத்துனா எமன் எகிறிக் குதிச்சி ஓடுவானாம்." பிறகு என்னைப் பார்த்து, குரல் இறங்கி, "கோச்சுக்காதம்மா. இவ எம் புள்ளைக்குக் கட்டுனவ. தெரிஞ்சே இதுல ஏத்துவனா?" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. அவளும் மருமகளைக் காப்பாற்றத்தான் நின்றாள். நாங்களும் அதற்குத்தான் போயிருந்தோம்.

அஞ்சலையின் கணவன் ஏழுமலைக்கு என் வயதுகூட இருக்காது. குடிசைக்கும் கட்டுமரத்துக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தான். நர்ஸம்மா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொல்லுடா! புருசன் நீதான!"

அவன் அம்மாவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். "பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டான்.

ஒன்பதுக்கு ஒரு செங்கல்பட்டு பஸ். துடுப்பில் புடவையைத் தூளியாகக் கட்டி அவளைச் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் வண்டியைத் தாண்டும்போது பாயைப் பிடித்திருந்த இரண்டு பெண்களும் தூளியோடு கூடவே பக்கவாட்டில் நடந்தார்கள். பாய்க்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது மட்டும் கேட்டது.

பஸ்ஸில்

விதிப்படி நானும் பஸ்ஸில் ஏறினேன். அப்பா வண்டியில் ஏறினார். "பின்னாலயே போ கன்னியப்பா. மனசு மாறினா மாத்திக்கலாம்," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கடைசி நீள சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். நர்ஸம்மா கால்மாட்டில். முன் சீட்டில் தனபாக்கியமும் ஏழுமலையும். என் பையில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஆறு இருந்தன. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ஆறும் தீர்ந்தன.

கண்டக்டர் நல்ல மனிதர். "யாராச்சும் நடுவுல எறங்கணும்னா இன்னிக்கு மன்னிச்சிக்குங்க," என்று கத்திவிட்டு விசிலைத் தொடவேயில்லை. ஆனாலும் பழைய பஸ். மேட்டில் மூச்சு வாங்கியது.

அஞ்சலை கண்ணைத் திறந்து, தலைகீழாக என்னைப் பார்த்தாள்.

"நீ யாருக்கா?"

"செங்கல்பட்டு. வசந்தா."

"எனுக்கு குளிருதுக்கா."

என் புடவைத் தலைப்பைப் போர்த்தினேன். அவள் தலையைத் திருப்பினாள். பின் கண்ணாடி வழியாக, பஸ்ஸுக்கு இருபது அடி பின்னால், எங்கள் வண்டி வந்துகொண்டிருந்தது. காலியாக. ஹாரன் அடிக்காமல். அப்பாவின் முகம் முன் கண்ணாடியில் தெரிந்தது.

பின்னாலேயே வந்தால் வண்டி அவள் கண்ணில் படும் என்று, பாயைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் நடந்த பெண்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா," என்றாள். "அது ஏன்க்கா எம் பின்னாலயே வந்துகினு கீது?"

நான் தலைப்பை இழுத்து அவள் கண் பக்கம் மறைத்தேன். அவள் கையால் விலக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"போச் சொல்லுக்கா. பயமா கீது."

திருக்கழுக்குன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மலைக்குக் கழுகு பார்க்க வந்தவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ் நகரவில்லை. அப்பா ஓடி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"இப்பவாவது மாத்துங்கம்மா. சந்து வழியா வேன் பூந்துடும். பஸ்ஸால முடியாது. நா பக்கத்துலயே ஒக்காந்துக்கிறேன்."

தனபாக்கியம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அஞ்சலையே சொன்னாள். "வேணாம் சார்."

நான் அப்பாவைப் பார்த்தேன். எது சரி என்று யோசித்து நான் எடுத்த முடிவு இது. அவள் பயத்தைக் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தயாராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான்.

"அப்பா, நீங்க முன்னாடி போய்ச் சொல்லி வைங்க. பின்னால வராதீங்க."

வண்டி சந்துக்குள் புகுந்து போய்விட்டது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லவேளைக்கா," என்றாள்.

அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசல்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர், இரண்டு ஊழியர்கள். உள்ளே டாக்டர் கை கழுவித் தயாராக இருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டதாக அப்பா சொன்னார்.

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் கையில் கடிகாரம் இருந்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரத்தம் தேவைப்பட்டது. கன்னியப்பனின் ரத்தம் பொருந்தியது. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, "யாரு ரத்தம்னு மட்டும் சொல்லிடாதம்மா. பொண வண்டிக்காரன் ரத்தம்னா அதயும் வேணான்னுடப் போறாங்க," என்றான். வழக்கமான கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் குழந்தையை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கை நீளம்கூட இல்லை. அழுதது. அது இன்று பள்ளிக்கூடம் போகிறது.

ஒன்றரை மணிக்கு டாக்டர் வந்து ஏழுமலையின் தோளில் கை வைத்தார். தனபாக்கியம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஏழுமலை அழவில்லை. நேராக அப்பாவிடம் வந்தான்.

"சார், வண்டி கீதா?"

"இருக்குதுப்பா."

"வூட்டுக்குக் கொண்டு போவணும் சார்."

வூட்டுக்கு

குழந்தையை நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். சாம்பல் நிற ஸ்ட்ரெச்சர். ஏழுமலையும் தனபாக்கியமும் அவளோடு பின்னால் ஏறினார்கள். தயங்கவில்லை. நானும் அப்பாவும் முன்னால். நாற்பத்தெட்டு நிமிடத்தில் குப்பம் வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் எங்களைக் கண்டதும் கூட்டம் தானே விலகி வழி விட்டது.

மணல் பாதையில் கட்டுமரம் இல்லை. இழுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். சக்கரம் புதையாமல் இருக்கத் தென்னை மட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். காலையில் பாயைப் பிடித்திருந்த அதே இரண்டு பெண்கள் முன்னால் நடந்து குடிசை வரைக்கும் வழி காட்டினார்கள்.

அவளை இறக்கியதும் ஒருத்தி குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நான்கு சக்கரத்திலும் ஊற்றினாள். நாங்கள் பத்திரமாகத் திரும்பிப் போக வேண்டும் என்று. யாரோ ஓடிப்போய் எங்கள் மூன்று பேருக்கும் சோடா வாங்கி வந்தார்கள். அந்த வீட்டில், அந்த நேரத்தில், எங்களுக்குச் சோடா.

ஏழுமலை கைகூப்பி நின்றான். "நீங்க இல்லன்னா இவள எப்பிடி சார் கொண்டாந்திருப்பேன்? பஸ்ஸுல ஏத்துவானா?"

தனபாக்கியம் அப்பாவின் கால் பக்கம் குனிந்தாள். அப்பா பின்னால் நகர்ந்தார்.

"மவராசன் சார் நீ. காலைல இன்னான்னவோ பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத. நாளிக்கி எனுக்கு ஒண்ணுன்னாலும் நீதான் வந்து கொண்டாரணும்."

அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"உசிரு இருக்கும்போதே கூப்புடும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரியாமல் கேட்ட குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அதுக்குத்தான் பஸ்ஸு கீதே சார்."

கன்னியப்பன் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா அங்கே போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு பின் பக்கம் போனார். கதவைத் திறந்தார். அவளை இறக்கிய சாம்பல் நிற ஸ்ட்ரெச்சர் கழுவாமல் அப்படியே கிடந்தது. ஏறி அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஐயோ, இன்னா சார் பண்ற!" என்று கத்தினாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றியவள். "பொணம் எறங்குன எடம் சார் அது! குந்தாத! எறங்கு!"

"கதவச் சாத்து கன்னியப்பா," என்றார் அப்பா.

நான் முன்னால் போகவில்லை. பின்னால் ஏறி அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. தனபாக்கியம் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். பிணத்தை விட்டுவிட்டு, தலைமுடி அவிழ்ந்து தொங்க, வண்டியின் பக்கவாட்டில் கையால் அடித்துக்கொண்டே, "எறங்கு சார், எறங்கும்மா, வேணாம்மா" என்று கத்திக்கொண்டு, சாலை வரும் வரைக்கும் மணலில் எங்கள் கூடவே ஓடி வந்தார்கள்.